ஆண்டின் முதல் பீச் இலை

ஆண்டின் முதல் பீச் இலையைக் கொண்டுவருகிறவரின் படத்தை ஊர் வாரப் பத்திரிகை போடும். ஐந்து வருடமாக அந்தப் படத்தில் இலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தவன் டோர்கில் பிராம்சன்தான். பழம் தருகிற பீச் அல்ல. யானைக்கால் போலச் சாம்பல் நிறத்தில் வழவழவென்று நிற்கும் காட்டு பீச். டென்மார்க்கில் அது துளிர்த்தால்தான் வசந்தம் வந்ததாகக் கணக்கு. சொந்தமாக நாற்காலிக் கடை, நகராட்சி உறுப்பினர் பதவி இரண்டும் போதாதென்று, வசந்தத்தையும் தானே கையைப் பிடித்துக் கூட்டிவருவதாக டோர்கிலுக்கு நினைப்பு.

பத்திரிகை அலுவலகத்தின் வரவேற்பு மேசையில் இருந்த டாக்னிக்கு அவனைப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். அப்போதே பரீட்சையில் பார்த்து எழுதுகிறவன்.

இந்த முறை மார்ச் இருபத்துநான்காம் தேதியே கிளையோடு வந்து நின்றான். வெளியே ஆலங்கட்டி சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது.

"படம் எடுக்கச் சொல்லு டாக்னி. இந்தப் பக்கம் நின்னா முகம் நல்லா விழும்."

"எங்க பறிச்ச?"

"கிழக்குக் காட்டுல. தெற்குப் பார்த்த மரம். நல்ல வெயில்."

"வெயிலா? காலைல என் சைக்கிள் சீட்ல பனி உறைஞ்சு கிடந்துச்சு. பீச் மரம் உன்னை மாதிரி அவசரக்குடுக்கை இல்ல. நாலு நாள் சூடு அடிச்சா நம்பிடாது. பகல் போதுமான அளவு நீண்டிருச்சான்னு பார்த்துட்டுத்தான் மொட்டைத் திறக்கும்."

"மரத்துக்கு மணி பார்க்கத் தெரியுமாக்கும்!"

"உன்னைவிட நல்லாவே தெரியும்."

இலைகள் வெளிறி, ஈரத்துணி மாதிரி தொங்கின. டாக்னி ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டாள். இளம் பீச் இலை லேசாகப் புளிக்கும். இது லாவண்டர் சோப்பாக மணத்தது.

"குளிக்கிற தொட்டியில வெந்நீர் ஊத்தித் துளிர்க்க வச்சியா?"

"அபாண்டம்!" டோர்கிலின் காது சிவந்தது.

ஆசிரியர் ஈவர் கேமராவோடு எட்டிப் பார்த்தார். "போட்டுடலாமே டாக்னி. விளம்பரம் குடுக்கிற மனுஷன்."

டாக்னி மேசைப் போனை இழுத்தாள். டோர்கிலின் மனைவி போதிலுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"போதில், உங்க வீட்டுத் தொட்டி காலியாயிடுச்சா?"

"இப்பதான் ஆச்சு. மூணு வாரமா தங்கச்சி வீட்ல போய்க் குளிச்சேன்! விடிய விடிய அந்த விளக்கு வேற. ஏன், அந்தக் கிளை அங்க வந்துடுச்சா?"

ஈவர் கேமராவை உறையில் போட்டார். "நிஜ இலையோட வர்றேன் பாரு!" என்று கத்திவிட்டு டோர்கில் வெளியேறினான்.

அதன்பின் தினமும் கழுத்தில் தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போனான். பேக்கரியில் ரொட்டி வாங்க நின்றால், "டோர்கில், குளிச்சாச்சா?" என்று பின்னாலிருந்து யாராவது கேட்டார்கள்.

ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி டாக்னி சைக்கிளில் கிழக்குக் காட்டுக்குப் போனாள். தரையெல்லாம் வெள்ளைப் பூ. நடுவில் டோர்கில், கழுத்து முறிகிற மாதிரி உச்சிக் கிளைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

டாக்னிக்குச் சிரிப்பு வந்தது. பெரிய மரங்கள் சாவகாசமாகத்தான் இலை விடும். அவை குடை விரித்துவிட்டால் கீழே இருட்டு. அதனால் முழங்கால் உயரக் கன்றுகள் ஒன்றிரண்டு வாரம் முந்திக்கொண்டு துளிர்த்து, கிடைக்கிற வெயிலை வாரிக்கொள்ளும். ஐந்து வருடம் படத்தில் சிரித்தவனுக்கு இதுகூடத் தெரியவில்லை. அவன் பூட்ஸுக்கு அடியிலேயே ஒரு கன்று வளைந்து கிடந்தது. அதில் இரண்டு இலை, விசிறி மடிப்பு கலையாமல், விளிம்பில் பட்டு போல மெல்லிய மயிரோடு.

முதலில் படம் எடுத்தாள். அப்புறம்தான் சொன்னாள்.

"காலை எடு."

"எதுக்கு?"

"முதல் இலை மேல நிக்கிற."

டோர்கில் துள்ளி விலகினான். கன்று மெதுவாக நிமிர்ந்தது.

"ஒருவகையில பார்த்தா... நான்தானே கண்டுபிடிச்சேன்? அப்படியே போட்டுடேன்."

வெட்கம் என்பதை இவன் எந்தக் கடையில் விற்றுத் தீர்த்தான் என்று நினைத்துக்கொண்டே, "போட்டுடறேன்" என்றாள் டாக்னி.

வியாழக்கிழமை பத்திரிகையின் முதல் பக்கத்தில் பெரிதாக ஒரு பூட்ஸ், அதன் ஓரத்தில் பிதுங்கிய இரண்டு பச்சை இலை. கீழே ஒரே வரி: 'ஆண்டின் முதல் பீச் இலை. கண்டுபிடித்தது, டோர்கில் பிராம்சனின் இடது கால்.'

டோர்கில் இரண்டு வாரம் கடைப் பக்கமே வரவில்லை. போதில் மட்டும் அலுவலகத்துக்கு வந்து பத்துப் பிரதி வாங்கிப் போனாள்.