மூன்றாம் வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம்

1

இந்தக் கதை, நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரு தாளிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் வைத்துப் பெரிய ரகசியம்போல் அவிழ்க்க வெட்கமாக இருக்கிறது.

ஜப்பானில், குன்மாவில் எங்கள் சந்தில் ஏழு வீடுகள். தெருச் சங்கத்தின் அறிவிப்புகள் ஓர் அட்டையில் செருகப்பட்டு வீடு வீடாகச் சுற்றிவரும். படித்துவிட்டு, பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டு, அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். என் வீடு இரண்டாவது. மூன்றாவது, ஹொஷினா தம்பதியுடையது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "ரயிலில் என் பக்கத்து இருக்கை மட்டும் கடைசிவரை காலியாகவே..."

(அடித்துவிட்டேன். இங்கே வந்த வெளிநாட்டுக்காரன் எவனும் இதை எழுதாமல் விட்டதில்லை.)

அடுத்தது: "வங்கிப் படிவத்தின் கட்டங்களில் என் பெயர் அடங்காததால், பதினோரு வருடத்தில் நான்கு முறை..."

(இது நிஜம். நான்காவது முறை கவுன்ட்டர் பெண் என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டு மன்னிப்புக் கேட்டாள், கோபப்படக்கூட விடவில்லை. ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் இப்போதே என் கட்சிக்கு வந்துவிடுவீர்கள். அதற்கு எனக்குத் தகுதி இல்லை.)

3

மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை. வாடகைக்குக் கேட்டிருந்த பெரிய வீட்டின் சொந்தக்காரர், வெளிநாட்டவருக்குத் தருவதில்லை என்று மிகப் பணிவாகச் சொல்லியனுப்பியிருந்தார். அந்தக் கடுப்பில் வீடு திரும்பினால் வாசலில் அட்டை. மேல் தாளைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு, மூன்றாம் வீட்டு மணியை அடித்தேன்.

ஹொஷினா அம்மா கதவைத் திறந்தார்.

"இந்தாங்க, இந்த வாரம் சீக்கிரமாவே வந்துடுச்சு" என்று சிரித்தேன்.

அவர் மேல் தாளைப் படித்தார். கொஞ்ச நேரம் பிடித்தது.

"உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டோம், தணிகை-சான்" என்று குனிந்தார்.

தாளில் இருந்தது, எனக்குப் பிறகுதான் தெரிந்தது, இதுதான்: ஹொஷினா வீட்டுப் பெரியவர் நேற்றுக் காலமானார். வெள்ளிக்கிழமை இறுதிச் சடங்கு. மூன்றாம் வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம். நேரே நான்காம் வீட்டுக்கு.

அவர் இறந்துபோன தன் கணவரின் பெயருக்கு நேரே தானே கையெழுத்துப் போட்டு, அட்டையை நான்காம் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

[ஒரு பிரதியில் அவரை இங்கே அழவைத்தேன். அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.]

4

வெள்ளிக்கிழமை சந்து முழுக்கக் கறுப்பு உடை. நான் குப்பைப் பையோடு செருப்பில் நின்றேன். சங்கத் தலைவர் நிஷிவாகியைப் பிடித்து, "எல்லாரும் எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"தாள்ல போட்டிருந்தேனே... நீங்க கையெழுத்துகூட..." அவர் பாதியில் நிறுத்தினார். "ஓ, படிக்கக் கஷ்டமா இருந்துச்சா? எங்க தப்புதாங்க. நேர்ல வந்து சொல்லியிருக்கணும்."

"ஆமா, எழுத்து கொஞ்சம் கஷ்டந்தான்" என்றேன்.

அன்றே அவர் அதை ஹொஷினா அம்மாவிடமும் எனக்காகச் சொல்லிவிட்டார்.

5

கதையை இதுவரை பிபேக்குக்குச் சொன்னேன். நேபாளி, சாப்பாட்டுப் பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலையில் என் பக்கத்து மேசை.

"அண்ணே, கதையில வர்ற ஆளுக்குப் படிக்கத் தெரியாதா?"

"கதையில தெரியாது."

"நல்லாருக்கே! எனக்கு வர்ற வரி நோட்டீசுலேர்ந்து ஆஸ்பத்திரி சீட்டுவரைக்கும் படிச்சுச் சொல்றது யாரு, உங்க சித்தப்பாவா?"

பதினோரு வருடமாக, என்னை வெளிநாட்டுக்காரனாக மட்டும் பார்க்காதீர்கள் என்று புலம்பியவன் நான். மாட்டிக்கொண்ட அன்று ஓடிப்போய் அந்தப் பெயருக்குள்ளேயே ஒளிந்துகொண்டேன். எனக்குப் படிக்கத் தெரியும். படிக்கவில்லை, அவ்வளவுதான். இதை ஹொஷினா அம்மாவிடம் சொல்லியாக வேண்டும் என்றுதான் எழுதவே உட்கார்ந்தேன்.

6

முடிவு ஒன்று: சொல்கிறேன். அவர் மன்னித்து, தேநீர் ஊற்றி...

(அடித்துவிட்டேன். மன்னிப்பை நானே எழுதி நானே வாங்கிக்கொள்வதா?)

முடிவு இரண்டு: நான் சொல்லப் போவதற்குள் அவர் ஊரைவிட்டே...

(பொய். எனக்கு இரண்டு மாதம் இருந்தது. கடைசியில் அவரே வந்தார்.)

சென்டாயிலிருக்கும் மகளிடம் குடிபோகிற காலையில் என் கதவைத் தட்டினார். விடைபெறுவதற்கு எல்லா வீட்டுக்கும் கொடுக்கிற துண்டு ஒரு கையில். மறு கையில் ஒரு சீட்டு. பின்னால் சாமான் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"என் புது விலாசம். நீங்க கஷ்டப்படக் கூடாதேன்னு எல்லாத்தையும் சின்னப்பிள்ளைங்க முதல்ல கத்துக்கிற சுலபமான எழுத்துலயே எழுதியிருக்கேன். அன்னிக்கி அந்தத் தாளையும் யாராவது இப்படி எழுதியிருக்கலாம். பாவம், உங்களுக்கு எவ்வளவு சங்கடம்." சீட்டை நீட்டி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். "படிக்க முடியுதா?"

நிஜத்தில் நான் தலையை மட்டும் ஆட்டினேன். வண்டி போய்விட்டது.

கதையில் அவரை இன்னும் வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கிறேன். அவர் கேட்டது அப்படியே இருக்கிறது. என்ன சொல்ல வேண்டுமென்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். எனக்கு எழுதக் கை வரவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள். வயதானவர், ரொம்ப நேரம் நிற்க மாட்டார்.