ஜீரோ இல்லை என்றது கம்பைலர்

திருவொற்றியூரில், கன்டெய்னர் யார்டுகளுக்கு மென்பொருள் எழுதும் சின்ன அலுவலகம் ஒன்றில் ஜெயஸ்ரீ சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பிரசவ விடுப்பில் போன சைமா, எஃப் ஷார்ப் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் அவள் கைக்கு வந்தது. யார்டு கேட்டுக்கு வரும் லாரிகளைப் படிப்படியாகச் சோதிக்க, ‘கேட்’ என்ற பெயரில் சைமாவே ஒரு கம்ப்யூட்டேஷன் எக்ஸ்பிரஷன், அதாவது தனக்கென ஒரு கட்டளை அமைப்பு, கட்டி வைத்திருந்தாள். அதன் அடைப்புக்குறிக்குள் சோதனைகளை வரிசையாக எழுதினால் போதும்.

ஜெயஸ்ரீ சேர்க்க வேண்டியது ஒரே ஒரு சோதனை: எடைச்சீட்டு இருந்தால் லாரியை உள்ளே விடு. எழுதி ஓட்டினாள். நிரலைச் சரிபார்த்துக் கணினிக்கு மாற்றித்தரும் கம்பைலர் மறுத்தது. ‘ஜீரோ’ என்ற மெத்தட், அதாவது ஒரு செயல்முறை, ‘கேட்’டில் இல்லாமல் இந்த வரியைப் பயன்படுத்த முடியாதாம்.

எடை எங்கோ பூஜ்ஜியமாக வருகிறது என்று நினைத்து, காலை முழுக்கத் தேடினாள். ஒரு பூஜ்ஜியமும் அகப்படவில்லை. வரிகளை இடம் மாற்றிப் பார்த்தாள்; அதே பிழை. காசிமேட்டில் அப்பா தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்லிவைத்திருந்த வேலை இது. தனக்கு இது சரிப்படாதோ என்று இருந்தது. தயங்கித் தயங்கி சைமாவுக்குப் போன் போட்டாள்.

“ஜீரோவ தேடிகினு கீறியா?” சைமா சிரித்தாள். “அது நம்பர் இல்லடி. இஃப் போட்டுகீற, எல்ஸ் போடல. சீட்டு இல்லன்னா இன்னா பண்றதுன்னு கேக்குது. நேரா கேக்கத் தெரியாம ஜீரோ கீரோன்னு ஒளறுது. நானே ரெண்டு நாளு அழுதுகீறேன்.”

“அந்த ஜீரோவ நீயே வெச்சிருக்கலாமேக்கா?”

“வெச்சா, எல்ஸ் இல்லன்னாலும் கம்பைலரு ஒண்ணும் சொல்லாம தாண்டிப் பூடும். லாரிக்கு ஏதாவது ஒரு பதில் சொல்லணுமில்ல?”

அந்தப் பதில் ஜெயஸ்ரீக்குத் தெரியவில்லை. ‘திருப்பி அனுப்பு’ என்று எழுதப் போனவள் நிறுத்திவிட்டு, எண்ணூர் யார்டு கேட்டில் வேலை பார்க்கும் வெற்றி என்பவரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டாள்.

“சீட்டு இல்லாத வண்டியா? திருப்பி வுட்டா ரோட்டையே அடைச்சிகினு நிப்பான், பேஜாராயிடும். ஓரங்கட்டி நிக்க வெப்போம். சீட்டு வந்தா உள்ள வுடுவோம்.”

நிரலில் இருந்தவை உள்ளே, வெளியே என்று இரண்டே பதில்கள். ‘காத்திரு’ என்று மூன்றாவதைச் சேர்த்து, எல்ஸுக்குப் பின் எழுதினாள். ஜீரோ பிழை போய்விட்டது. யார்டு கேட்டில் பதிலைக் காட்டும் திரைக்கான பகுதியில் ‘காத்திரு’ விட்டுப்போயிருக்கிறது என்று கம்பைலர் இப்போது எச்சரித்தது. இது படித்ததுமே புரிந்தது. அதையும் எழுதி முடித்து, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனாள்.