மூன்றாவது தியேட்டரின் மெஷின்

இரண்டு முறை தேதி கொடுத்து, இரண்டு முறையும் திருப்பி அனுப்பியிருந்தேன். இன்று எட்டோரே ஆபரேஷன் டேபிள்வரை வந்துவிட்டார்.

"கார் ஓட்டக் கத்துக் கொடுக்கிறவன் நான், டாக்டரம்மா. இத்தனை தடவை பிரேக் போட்டா என் ஸ்டூடண்ட்டை இறக்கி விட்டுடுவேன்."

"இன்னிக்குப் போட மாட்டேன்."

2020, மார்ச். இத்தாலியின் லொம்பார்தியில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஐந்து ஆபரேஷன் தியேட்டர்கள். நான்கில் கொரோனா நோயாளிகள். வென்டிலேட்டர்கள் போதாமல் எங்கள் மயக்க மருந்து மெஷின்கள்தான் அவர்களுக்கு மூச்சு. மிச்சம் இந்த மூன்றாவது தியேட்டர் மட்டும். எட்டோரேவின் குடலில் புற்றுநோய்க் கட்டி. பாதை ஏறக்குறைய அடைத்துவிட்டது. எடுக்க மூன்று மணி நேரம் ஆகும்.

மயக்க மருந்து டாக்டர் இவானோ போனை வைத்துவிட்டு என்னைக் கதவோரம் இழுத்தான்.

"கீழ ஒருத்தி. நாற்பத்தி நாலு வயசு. மெஷின் கேக்கறாங்க."

"மூணு மணி நேரம் கழிச்சு..."

"அரை மணி தாங்கினா அதிகம், ஒர்னெல்லா. இவருக்கு மயக்கம் கொடுத்துட்டேன்னா மெஷின் இவரோடது. எவனும் பிடுங்க முடியாது. கொடுக்கட்டுமா?"

டேபிளில் இருப்பவர்தான் என் நோயாளி. கதவுக்கு வெளியே இருப்பவர் வேறு யாருடைய நோயாளியோ. இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான்.

"முதுகுல ஊசி போடு. வயிறு மரத்தா போதும். மெஷினைக் கொண்டு போகச் சொல்லு."

எட்டோரேவிடம் குனிந்தேன். இன்று கட்டியை எடுக்கவில்லை, குடலை வயிற்றுக்கு வெளியே திறந்து, மலம் வர ஒரு பை மாட்டுகிறேன், அடைப்பினால் உயிர் போகாது என்றேன்.

"கட்டி?"

"அப்புறம்."

"எப்ப?"

"தெரியல."

படிவத்தில் கையெழுத்துப் போட்டார். மெஷின் உருண்டு போவதைத் தலை திருப்பிப் பார்த்தார். யாருக்கு என்று கேட்கவில்லை.

நாற்பது நிமிஷம். சின்னத் துளை. குடலைத் தேடிய விரல் கட்டியில் முட்டியது. கெட்டி. ஆனால் எதிலும் ஒட்டாமல் அசைந்தது. சுத்தமாக எடுத்திருக்கலாம். விரலை நகர்த்திக்கொண்டேன். வருத்தம் வரும் என்று பார்த்தேன். பசிதான் வந்தது.

பை மாட்டும்போது திரைக்கு அந்தப் பக்கமிருந்து எட்டோரேவின் குரல்.

"டாக்டரம்மா, கட்டி கைக்கு எட்டிச்சா?"

"இல்ல."

"அப்ப சரி. எட்டியும் எடுக்காம விட்டிருந்தீங்கன்னா தாங்கியிருக்க மாட்டேன்."

இவானோ என்னையே பார்த்தான். நான் கையுறையைக் கழற்றினேன்.

ஆபரேஷன் குறிப்பில் பொய் எழுத முடியாது. என்றைக்காவது கட்டியை எடுக்கப்போகிற டாக்டருக்கு அது தேவை. ஒரு பிரதி எட்டோரேவின் வீட்டுக்கும் போகும். 'கட்டி கைக்கு எட்டியது. அசைகிறது. எடுக்கக்கூடியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.