முதல் பயனாளி

தனக்கொடி ஒரே மனுவை இரண்டு கட்சிக்காரர்களிடமும் கொடுத்தாள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. போர்வெல் தண்ணீர் நின்றால் ஏரித் தண்ணீர் என்று கரும்புக்கு இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டி வைக்கிறவள் அவள். அரசியலில் அப்படி வெட்டினால் இரண்டு வாய்க்காலிலும் சொட்டுத் தண்ணீர் வராது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

மனுவில் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் அவள் ஊர் சுகாதார நிலையத்துக்கு டயாலிசிஸ் மெஷின் இரண்டு வந்து எட்டு மாதமாயிற்று. மேலே சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூட யாரும் பிரிக்கவில்லை. ஓட்டுவதற்கு ஒரு டெக்னீஷியனைப் போடுங்கள், அவ்வளவுதான். அவள் புருஷன் குழந்தைவேலுக்கு இரண்டு கிட்னியும் போய் இரண்டு வருஷம். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் அவரை டி.வி.எஸ். வண்டியில் உட்கார வைத்து, இருபது கிலோமீட்டர் ஓட்டி, டவுன் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாள். திரும்பும்போது மனுஷன் துவண்டு போயிருப்பார். பின்னால் சாய்ந்து விழுந்துவிடாமல் இருவர் இடுப்பையும் சேர்த்து ஒரு துண்டால் கட்டிக்கொள்வாள். வழியில் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

முதல் மனு உரக்கடை சுரேஷ்குமாருக்கு. ஆளுங்கட்சி, எம்.எல்.ஏ.வுக்கு வலது கை.

"ஃபைலு கவர்னர் ஆபீஸ்ல இருக்குதுக்கா. மூணு தபா அனுப்பிட்டோம். மூணு தபாவும் கேள்வி கேட்டுத் திருப்பிட்டாங்க. நாங்க இன்னா பண்றது?" என்றான்.

இரண்டாவது மனு, கரும்பு லாரி பிடித்துக்கொடுக்கும் புகழ்வேந்தனுக்கு. எதிர்க்கட்சி.

"மார்ச்சு மாசம் முழு பட்ஜெட்டே போடலம்மா. இடைக்கால பட்ஜெட்னு ஒண்ணப் போட்டு சம்பளத்துக்கு மட்டும் வழி பண்ணிக்கினாங்க. ஃபைல வேணும்னே தப்பா எழுதி அனுப்புறாங்க. திரும்பி வந்தா கவர்னர் மேல பழி போட்டுடலாம் இல்ல?" என்றான்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கக்கூடும் என்பதுதான் தனக்கொடிக்கு வயிற்றெரிச்சல். ஒருத்தன் பொய் சொன்னால் அவனைத் திட்டிவிட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம். இரண்டு பேரும் உண்மையைச் சொல்லிக்கொண்டே ஒரு வேலையும் செய்யாமல் இருந்தால் யாரைத் திட்டுவது?

சட்டசபை கூடியபோது எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அவளுடைய மனுவைத் தூக்கிக் காட்டிக் கத்தினார். டி.வி.யில் தன் கையெழுத்தைப் பார்த்துத் தனக்கொடிக்கு ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் யூரியா வாங்கப் போனவளைக் கண்டதும் சுரேஷ்குமார் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"காரியத்தையே கெடுத்துட்டியேக்கா. அடுத்த வாரம் போடறதா இருந்தோம். இப்பப் போட்டா அவங்க கேட்டு நாங்க குடுத்ததா ஆயிடும். கொஞ்சம் ஆறட்டும்."

"இன்னாடா ஆறட்டும்? எங்க வூட்டுக்காரரு ஒடம்பு ஆறிப்போவட்டுமா?"

"கோவப்படாதக்கா. மேலிடத்துல யோசிச்சுத்தான செய்வாங்க."

மேலிடம் நான்கு மாதம் யோசித்தது. அதற்குள், அவள் ஆளுங்கட்சியிடமும் மனு கொடுத்தது புகழ்வேந்தன் காதுக்கு எட்டி, அவன் எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக ஆரம்பித்தான். கடைசியில் எதிர்க்கட்சி ஒரு புதன்கிழமையைக் குறித்து, சுகாதார நிலையத்தின் முன்னால் ஆர்ப்பாட்டம் என்று பேனர் கட்டியது. இரண்டே நாளில் அதே புதன்கிழமை, அதே இடத்தில், அமைச்சர் கையால் டயாலிசிஸ் பிரிவு திறப்பு விழா என்று அதைவிடப் பெரிய பேனர் ஒன்றை ஆளுங்கட்சி கட்டியது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இருவரும் பத்து நிமிஷ இடைவெளியில் வீடு தேடி வந்தார்கள்.

"மாமாதான்க்கா முதல் பயனாளி. அமைச்சர் சால்வை போடுவாரு. காலைல எட்டு மணிக்கெல்லாம் வந்து கட்டில்ல படுத்துடணும்" என்றான் சுரேஷ்குமார்.

"வெள்ளிக்கிழமை யாரு மெஷின ஓட்டுவாங்க?"

"முதல்ல தெறக்கட்டும்க்கா. மத்ததெல்லாம் அடுத்த பட்ஜெட்ல வருது."

அவன் போனதும் புகழ்வேந்தன் வந்தான். "அண்ணன் முன்வரிசைல உக்காந்தாப் போதும்மா. சேர் நாங்க கொண்டாரோம். பாதிக்கப்பட்டவரு முன்னால இருந்தாத்தான் ஜனங்களுக்குப் புரியும்."

ஒருத்தனுக்கு அவர் பிழைத்தவராக வேண்டும், இன்னொருத்தனுக்குச் சாகக் கிடக்கிறவராக வேண்டும். நாளைக்கு டயாலிசிஸ் நாளாயிற்றே என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அதிலும் திங்கட்கிழமை கரண்ட் போய், பாதியிலேயே ஊசியை எடுத்து அனுப்பியிருந்தார்கள். குழந்தைவேலின் கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. படிக்கட்டு ஏறினால் இரைத்தது.

"அமைச்சரே வராராம் தனம். போய்த் தலையைக் காட்டிட்டு வந்தா இன்னா?" என்றார் அவர், ஆசையோடு.

"நீ அங்க படுத்துக் காட்டுவ. டவுன்ல உன் கட்டிலை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. வெள்ளிக்கிழமை எங்கயா போவ?"

புதன் காலை ஏழு மணிக்கு வண்டி டவுன் ஆஸ்பத்திரியில் நின்றது. டயாலிசிஸ் வார்டின் கடைசி அறை இருட்டாக இருந்தது. அவர்களுடைய முறைக்குரிய மூன்று மெஷினும் அந்த அறையில்தான். வெளியே பெஞ்சில் வேலம்மாள் உட்கார்ந்திருந்தாள். அரியாங்குப்பத்துக்காரி, அறுபது வயதிருக்கும், குழந்தைவேலுக்குப் பக்கத்துக் கட்டில். மருமகள் கம்பெனி வேலைக்குப் போகிறவள் என்பதால் பஸ்ஸில் தனியாகவே வந்து தனியாகவே போவாள். திங்கட்கிழமை கரண்ட் போனபோது அவளுக்கும் பாதிதான் நடந்தது.

"செல்வி வரலியாம்பா" என்றாள்.

ஆரோக்கியசெல்விதான் அந்த அறையின் டெக்னீஷியன். நர்ஸைக் கேட்டதற்கு, "அவங்களுக்கு இன்னிக்கு வெளி டூட்டி. பாகூர் பக்கம் ஏதோ திறப்பு விழாவாம்" என்று பதில் வந்தது.

தனக்கொடிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உடனே போன் போட்டாள்.

"நான் உங்க ஊர்லதான்க்கா இருக்கேன்" என்றாள் ஆரோக்கியசெல்வி. "அண்ணனைத்தான் எல்லாரும் தேடிக்கினு இருக்காங்க."

"அப்படின்னா நாங்க திரும்பி அங்க வந்துடட்டுமா? அங்கயே டயாலிசிஸ் பண்ணிடுவியா?"

மறுமுனையில் குரல் தணிந்தது. "வராதக்கா. தண்ணி லைனே இன்னும் குடுக்கல. மெஷின்ல லைட்டு எரிஞ்சாப் போதுமாம். அண்ணன் சும்மா படுத்திருக்கணும், போட்டோ எடுப்பாங்க. நான் பக்கத்துல நிக்கணும்."

"அப்ப நீ இங்க வா."

"எப்படிக்கா வருவேன்? அமைச்சர் இன்னும் வரல. கேட்டுக்கு வெளிய மறியல் வேற."

ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. குழந்தைவேல் பெஞ்சில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தார். படுத்தால் மூச்சு முட்டியது. தனக்கொடி சுரேஷ்குமாருக்குப் போன் போட்டாள்.

"அவளை அனுப்பி வைடா. இங்க மூணு பேரு கெடக்கறாங்க."

"நாங்க அனுப்ப மாட்டோம்னா சொல்றோம்? ரோட்டுல உக்காந்துக்கினு இருக்காங்களே, அவங்களக் கேளுக்கா."

புகழ்வேந்தனுக்குப் போட்டாள்.

"அந்த டிராமாவ நிறுத்தச் சொல்லுங்கம்மா, அடுத்த நிமிஷம் மறியல எடுத்துடறோம். அவங்களக் கேளுங்க."

"உங்க ரெண்டு பேரையும் ஒரே மெஷின்ல போட்டு ரத்தத்த உறிஞ்சினாத்தான்டா எனக்கு மனசு ஆறும்" என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள். வார்டே திரும்பிப் பார்த்தது.

பதினொன்றரை மணிக்கு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. மீண்டும் ஆரோக்கியசெல்வியைக் கூப்பிட்டாள். "பின்பக்கம் காம்பவுண்டு இடிஞ்சு கெடக்கும், பாரு. அத்தத் தாண்டினா எங்க கரும்புக் கொல்லை. வரப்பப் புடிச்சு நேரா நட. மோட்டார் கொட்டாய் வரும், சோத்தாங்கைப் பக்கம் திரும்பு. கடலூர் ரோடு வந்துடும். கைக்கு எட்டினது எதுவானாலும் ஏறு."

"வேலை போயிடும்க்கா."

"இங்க உசுரு போவுதுடி."

ஆரோக்கியசெல்வி கரும்புக்குள் நுழைந்தாள். கரும்பின் காய்ந்த சோகை கிழித்த கைகளோடு அவள் வார்டுக்குள் வந்தபோது மணி ஒன்றரை. காலை முறைக்காரர்கள் மூன்று பேர், மதிய முறைக்காரர்கள் மூன்று பேர், ஆக ஆறு பேர். மெஷின் மூன்று. ஒரு ஆளுக்கு நாலு மணி நேரம். ஆறு மணிக்கு அந்த அறையைப் பூட்டிவிடுவார்கள்.

"மூணு பேருக்கு இப்போ போடறேன். மூணு பேரு நாளைக் காலைல வாங்க" என்றாள் ஆரோக்கியசெல்வி. யார் யார் என்று அவள் சொல்லவில்லை. மதிய முறையில் இருந்த இரண்டு பேரை டாக்டரே பார்த்து, தள்ளிப்போடக் கூடாது என்று உள்ளே அனுப்பிவிட்டார். மிச்சம் ஒரே கட்டில்.

தனக்கொடி கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நான் வழி சொல்லித்தான நீ வந்த? எங்க ஆளுதான் முதல்ல."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. காலையிலிருந்து எல்லாருக்காகவும் போனில் சண்டை போட்டவள் அவள்தானே. வேலம்மாள்தான் மெதுவாக எழுந்து ஒயர் கூடையை எடுத்துக்கொண்டாள். அவள் முகமும் உப்பித்தான் இருந்தது. தனக்கொடி அதைப் பார்த்தாள். பார்க்காமல் இல்லை.

"நான் நாளைக்கு வரேன்பா. உங்க வூட்டுக்காரரப் பாரு, மூச்சு வாங்குது" என்று சொல்லிவிட்டு வேலம்மாள் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினாள்.

அன்று மாலைச் செய்தியில் இரண்டு கட்சியும் வந்தன. டெக்னீஷியனை எதிர்க்கட்சி விரட்டியடித்து ஏழைகளின் சிகிச்சையைக் கெடுத்துவிட்டது என்றது ஆளுங்கட்சி. போலித் திறப்பு விழாவைத் தங்கள் போராட்டம் முறியடித்தது என்றது எதிர்க்கட்சி. இரண்டு பேரும் தனக்கொடியைக் கூப்பிட்டு, டி.வி.க்கு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். அவள் சொன்ன வார்த்தையை டி.வி.யில் போட முடியாது.

வெள்ளிக்கிழமை குழந்தைவேலுக்குப் பக்கத்துக் கட்டிலில் வேறு ஒரு ஆள் படுத்திருந்தார்.

"வேலம்மா எங்க செல்வி?"

ஆரோக்கியசெல்வி ஊசியைப் பொருத்திவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "நேத்து வரலக்கா. புதன்கிழமை ராத்திரியே முடிஞ்சு போச்சாம். அவங்க மருமவ போன் பண்ணிச்சு."

தனக்கொடி வராந்தாவுக்கு வந்து சுரேஷ்குமாருக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். அவன் உச்சுக்கொட்டினான், உண்மையாகவே வருத்தப்பட்டான். "எந்த ஊருக்கா?" என்று கேட்டான். சொன்னாள். "அரியாங்குப்பமா? அது நம்ம தொகுதி இல்லியேக்கா" என்றான்.

அடுத்துப் புகழ்வேந்தனைக் கூப்பிட்டாள். அவன் எழுதிக்கொள்ளப் பேனா தேடினான். ஊர்ப் பேரைக் கேட்டதும் தேடுவதை நிறுத்தினான். "அது நம்ம ஏரியா இல்லம்மா. அங்க நம்ம கூட்டணிக்காரங்க இருக்காங்க, அவங்ககிட்டச் சொல்லிப் பாக்கறேன்."

யாரையும் திட்டாமலே போனை வைத்தாள். இரண்டு பேரையும் கிழித்துத் தொங்கவிட வேண்டும் என்றுதான் கூப்பிட்டாள். கவர்னர், முதலமைச்சர், மந்திரி, எம்.எல்.ஏ., இவன், அவன் என்று பழியை எடுத்துப் போட எத்தனையோ தலைகள் இருந்தன. கதவை மறித்துக்கொண்டு நின்றது மட்டும் அவர்களில் யாரும் இல்லை.

டயாலிசிஸ் முடிந்து திரும்புகையில் பாலத்தைத் தாண்டியதும் வண்டியை அரியாங்குப்பத்துக்குள் திருப்பினாள். வாரம் மூன்று முறை தாண்டிப் போகிற ஊர். ஒரு நாளும் உள்ளே நுழைந்ததில்லை. இரண்டு பேரை விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தன. குழந்தைவேலை ஒன்றில் உட்கார வைத்தாள். உள்ளேயிருந்து கம்பெனிச் சட்டை போட்ட ஒரு பெண் வந்தாள்.

"யாரு நீங்க? கட்சிலருந்து வரீங்களா?"

"இல்லம்மா." புருஷனைக் கையால் காட்டினாள். "புதன்கிழமை உங்க அத்தைக்குக் குடுக்க வேண்டிய கட்டிலப் புடுங்கி, நான்தான் இவருக்குக் குடுத்தேன்."

அந்தப் பெண் குழந்தைவேலைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் திட்டுவாள் என்று தனக்கொடி காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"வேற கட்டிலே இல்லியாக்கா?" என்று மட்டும் கேட்டாள் அவள்.