அட்டைக் கப்பலில் இருபத்தெட்டாவது ஆள்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கடலில் பிறக்கவில்லை. நான் கடலைப் பார்த்ததே இரண்டு தடவைதான். இரண்டு தடவையும் செருப்பைத் தொலைத்தேன். கதை பிறந்தது ஒரு ஃப்ரிட்ஜ் கடையின் பின்பக்கம், அடுக்கி வைத்திருந்த காலிப் பெட்டிகளின் நடுவில். ஆனாலும் நான் எழுதிய முதல் வரி இப்படித்தான் இருந்தது:

அலைகள் கப்பலின் விலாவில் மோதிக்கொண்டிருந்த ஒரு—

[அடித்துவிட்டேன். அது அட்டைக் கப்பல். ஒரு வாளித் தண்ணீருக்கே கூழாகிவிடும்.]

கேப்டன் தொலைநோக்கியைத் தாழ்த்தி, தொடுவானத்தை—

[இதையும். கேப்டனுக்கு வயது ஆறு முடிந்து ஏழு. தொலைநோக்கி என்பது சமையலறைக் காகிதச் சுருளின் நடுக்குழாய்.]

சரி, நேராகவே சொல்கிறேன். அக்கா மகளுக்குப் பிறந்தநாள். கடற்கொள்ளையர் பார்ட்டி வேண்டும் என்றாள். நான் கப்பல் கட்டினேன்.

2

அவளை நாங்கள் மிளகு என்று கூப்பிடுவோம். அளவையும் காரத்தையும் பார்த்து வைத்த பெயர். அக்கா ஒரு பல் ஆஸ்பத்திரியின் முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறாள். அத்தான் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஏழு மாதம் கடலில், மூன்று மாதம் எங்கள் சோபாவில்.

அத்தான் மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆளின் மேல் இல்லை, பாத்திரத்தின் மேல். கப்பல் கதையில் அப்பாவும் கப்பல்காரர் என்றால், எழுதுகிறவள் தன் வசதிக்குக் கொண்டுவந்து வைத்ததுபோலத் தெரியாதா? அதனால் ஒரு வரைவில் அவரை வங்கி ஊழியராக்கிப் பார்த்தேன். மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். கதை அங்கேயே படுத்துவிட்டது. மறுபடியும் கடலுக்கே அனுப்பிவிட்டேன்.

3

கப்பலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்களில் படித்தது. ஆகவே சொற்கள் தெரியும், பொருள்கள் தெரியாது.* அணியம், அமரம், சுக்கான், பாய்மரம் எல்லாம் நாக்கில் நிற்கும். எது எந்தப் பக்கம் வரும் என்று கேட்டால் முழிப்பேன்.

[* எல்லாவற்றுக்கும் அடிக்குறிப்பு போட்ட மொழிபெயர்ப்பாளர்கள்கூட "ஒருவகைப் பாய்" என்றுதான் எழுதியிருந்தார்கள். அவர்களும் பார்த்ததில்லை என்பது என் ஊகம்.]

மூன்று ஃப்ரிட்ஜ் பெட்டிகளைப் பிரித்து, மடித்து, பிரவுன் டேப்பால் ஒட்டினால் உடல். பிளம்பர் விட்டுப்போன பைப்தான் பாய்மரம். பழைய படுக்கை விரிப்பை டீத்தூள் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்தால் நூறு புயல் பார்த்த பாய். டேபிள் ஃபேனின் முன்வலையைச் சுற்றி மரக்கரண்டிகளைக் கட்டினால் சுக்கான் சக்கரம். (அந்த வாரம் முழுக்க வீட்டில் குழம்பை ஸ்பூனால்தான் கிளறினார்கள்.)

புதன்கிழமை சாயந்திரம் வீடியோ அழைப்பில் அத்தானுக்குக் காட்டினேன்.

"ஏம்மா, சக்கரத்தைக் கொண்டுபோய் முன்னாடி வச்சிருக்க?"

"ஓட்டுறவர் முன்னாடிதானே அத்தான் உட்காருவாரு?"

"இது கப்பலா, டவுன் பஸ்ஸா? கண்டக்டர் எங்க நிப்பாரு?"

மிளகு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் மேலே பார்த்துவிட்டு அடுத்ததைக் கேட்டார்:

"பாய்மரம் எவ்வளவு உயரம்?"

"சீலிங் வரைக்கும். அளந்து வச்சேன்."

"ஃபேன் ஓடுமா?"

ஓடாது. கூரையை அளந்தேனே தவிர, கூரையில் தொங்கியதை அளக்கவில்லை. ஃபேன் இறக்கைகளுக்கு நடுவில் பாய்மரம் நின்றது. ஹாலில் இருப்பதே அந்த ஒரு ஃபேன்தான்.

சிரித்து முடித்துவிட்டு அத்தான் அக்காவிடம் சொன்னார்: "நாளையிலேர்ந்து இங்க நெட்டை நிறுத்திடுவாங்க. ஞாயித்துக்கிழமை மதியத்துக்குள்ள அந்த ஏரியாவைத் தாண்டிடுவோம். தாண்டுன உடனே கூப்பிடுறேன். பார்ட்டி நாலு மணிக்குத்தானே? அதுக்கு முன்னாடியே பேசிடுவேன்."

அக்கா சரி என்றாள். அந்த 'சரி' மிகவும் சின்னதாக இருந்தது. அப்போது நான் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

4

மறுநாள், பாய்மரத்தில் ஓர் அடியை அறுத்துவிடலாம் என்று ரம்பத்தோடு வந்தேன்.

"வேணாம், விடு," என்றாள் அக்கா.

"ஃபேன் போட வேணாமா? பத்துப் பிள்ளைங்க வராங்க. வெந்துடும்."

"அந்த ஃபேன் போடுற சத்தத்துல ஃபோன் அடிச்சா கேக்குமாடி? அவர் லைன் ரெண்டு ரிங் அடிக்கும், மூணாவதுல அறுந்துடும். தெரியாதா உனக்கு?"

"ஃபோனைக் கையிலேயே வச்சுக்கோ."

அக்கா என் இன்னொரு கையிலிருந்த கொடியைப் பார்த்தாள். கறுப்புத் துணியில் மண்டை ஓடு. பற்களை மட்டும் தனித்தனியாக வரைந்திருந்தேன். அவள் ஆஸ்பத்திரிக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று.

"நெட்டை எதுக்கு நிறுத்துறாங்கன்னு யோசிச்சியா? அங்க கொள்ளைக்காரங்க நடமாட்டம். நிஜக் கொள்ளைக்காரங்க. ராத்திரியில லைட்டுகூடப் போட மாட்டாங்களாம். அவர் அங்க இருட்டுல போய்க்கிட்டு இருக்காரு, நீ இங்க மண்டை ஓட்டுக்குப் பல்லு வரையிற."

கொடியைச் சுருட்டினேன். கொள்ளையர்கள் என்றால் எனக்குப் புத்தகத்தில் வருகிறவர்கள். முந்நூறு பக்கத்தில் முடிந்துவிடுகிறவர்கள்.

"பார்ட்டியை நிறுத்திடலாமாக்கா?"

"ஏன்னு கேப்பாளே. என்ன சொல்லுவ?"

அட்டைக்குள் ஏதோ நகரும் சத்தம் கேட்டது. மிளகு கேப்டன் அறையிலிருந்து தலையை நீட்டினாள். உள்ளே உட்கார்ந்து ஜன்னல் வரைந்துகொண்டிருந்தாளாம்.

"சித்தி, கொள்ளைக்காரங்க மொத்தம் எத்தனை பேரு?"

"எந்தக் கதையில?"

"எல்லாத்துலயும்."

"நிறைய," என்று சொல்லிவைத்தேன். இந்தக் கதையில் நான் பேசியவற்றிலேயே சோம்பேறித்தனமான பதில் அதுதான். விளைவு அடுத்த பகுதியில்.

5

அன்று மாலையிலிருந்து மிளகு கண்ணில் பட்டவரையெல்லாம் பார்ட்டிக்குக் கூப்பிட ஆரம்பித்தாள். வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் இருபதானார்கள். ஃப்ரிட்ஜ் கடைக்காரர், வாசல் வாட்ச்மேன் அண்ணன், மாடி வீட்டுத் தையல்காரம்மா, அக்காவின் பல் டாக்டர். எல்லோருக்கும் ஒரே நிபந்தனை: கொள்ளைக்காரர்களைப் போல ஒற்றைக் கண்ணில் பட்டை கட்டியே ஆக வேண்டும்.

"என்னடி இது, ஊர்வலமா?" என்று அக்கா கத்தினாள். "சேர் எங்க இருக்கு?"

"கப்பல்ல உட்காருவாங்க."

கிழிந்த குடையைப் பிரித்துக் கண்பட்டை வெட்டினேன். ஒரு குடையில் இருபத்தெட்டு வரும். இந்தத் தகவலை எந்த நாவலும் எனக்குச் சொன்னதில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை. மதியம் போனது. மூன்று மணி போனது. ஃபோன் அடிக்கவில்லை. நான்கு மணிக்கு ஆட்கள் வந்தார்கள்.

"நான் இங்க காவலுக்கா, கொள்ளைக்கா?" என்று கேட்டுக்கொண்டே வாட்ச்மேன் அண்ணன் பட்டையைக் கட்டிக்கொண்டார். பல் டாக்டர், "பயப்படாதீங்க, இன்னைக்கு யாரு வாயையும் பார்க்க மாட்டேன்," என்று பிள்ளைகளுக்குச் சத்தியம் செய்தார். காற்றில்லை. எல்லோர் முகத்திலும் பட்டை நனைந்து ஒட்டியது. மிளகு ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். தன்னையும் என்னையும் சேர்த்து இருபத்தாறு.

அக்கா கேக்கை வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். சிரித்தபடிதான் இருந்தாள். ஒரு கையில் ஃபோன்.

"வெட்டுடா கண்ணு. கிரீம் உருகுது."

மிளகு அட்டை வாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். "வேணாம்."

"ஏண்டா?"

"கேக் வெட்டினா எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க."

"போகட்டுமே. பின்ன இங்கயேவா குடியிருப்பாங்க?"

"அப்பா கூப்பிடுற வரைக்கும் கொள்ளைக்காரங்க யாரும் வெளிய போகக் கூடாது. இங்கயே இருக்கட்டும்."

[இந்த இடத்தில் அழகான ஒரு பத்தி எழுதியிருந்தேன். கடல், உப்பு, கண்ணீர் மூன்றும் வந்தன. எடுத்துவிட்டேன்.]

ஏழு வயதுக் குழந்தை இப்படிப் பேசுமா, நான்தான் எழுதிக் கொடுத்தேனா என்று உங்களுக்குத் தோன்றலாம். அவளுடைய அடுத்த வரியையும் கேளுங்கள்: "எனக்கு பாத்ரூம் வருது. அம்மா, நீ பார்த்துக்கோ. யாரையும் விடாத." வாளை அக்கா கையில் திணித்துவிட்டு ஓடினாள். இதை எந்த எழுத்தாளரும் எழுதிக் கொடுக்க மாட்டார்.

அக்கா கொஞ்ச நேரம் அந்த வாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். மேசையிலிருந்து ஒரு பட்டையை எடுத்துத் தன் கண்ணில் கட்டிக்கொண்டாள். இருபத்தேழு.

"நான் கடையைத் திறக்கணும்மா," என்று ஃப்ரிட்ஜ் கடைக்காரர் எழுந்தார்.

"உட்காருங்க," என்றாள் அக்கா. வாளை நீட்டவில்லை. குரலே போதுமாக இருந்தது. அவர் உட்கார்ந்தார். அட்டை முனகியது. ஆனால் பிரியவில்லை. நான் கட்டிய கப்பல், சும்மாவா?

7

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

முதலாவதில், இரண்டாவது ரிங்கிலேயே அக்கா ஃபோனை எடுக்கிறாள். இருபத்தேழு பேரும் ஒரே நேரத்தில் கத்தியதில் அத்தான் என்ன பேசினார் என்றே கேட்கவில்லை. தோழிக்குப் படித்துக் காட்டினேன். அழுதாள். அழுதாள் என்பதாலேயே எனக்கு அதன் மேல் சந்தேகம்.

இரண்டாவதில் ஃபோன் அடிக்கிறது. அத்தான் இல்லை, கேக் கடையிலிருந்து. 'கேக் எப்படி இருந்தது?' என்று—

[இது எனக்கே பொறுக்கவில்லை.]

மூன்றாவது, மொழிபெயர்ப்பு நாவல்களின் வழக்கப்படி, இருபது வருடங்களுக்குப் பிறகு ஒரு துறைமுகத்தில். மிளகு வெள்ளைச் சீருடையில் கப்பல் ஏறுகிறாள். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அந்த ஹாலில் இருந்த யாருக்கும் அது அன்று உதவியிருக்காது.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. உங்களை ஏங்கவைக்கும் ஆசை எனக்கில்லை. கணக்கு மிகவும் எளிது: முடிவைச் சொன்னால் நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டுக் கிளம்புவீர்கள். கேக் வெட்டினால் கிளம்புகிறவர்களைப் போல.

ஒரு குடையில் இருபத்தெட்டுப் பட்டை வரும் என்றேன் இல்லையா? ஒன்று மிச்சம் இருக்கிறது. கட்டிக்கொள்ளுங்கள். கொஞ்சம் புழுங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பல் டாக்டருக்கும் தையல்காரம்மாவுக்கும் நடுவில் இடம் இருக்கிறது. மிளகு பாத்ரூமிலிருந்து வந்து மறுபடி எண்ணுவாள். நீங்கள் இங்கே இருக்கும்வரை அங்கே, அத்தானின் கடலில், கொள்ளைக்காரர் ஒருவர் குறைவு.

உட்காருங்கள்.