நாக்குக்கு அடியில் ஒரு கட்டு

லிப்ட் பழுது பார்க்கும் அந்த மனிதருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் வாயில்லாப் பூச்சி. எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். மிஞ்சிப்போனால் இரண்டு சொல். வீட்டுக்காரரிடம் வாடகை பேசுவதிலிருந்து பெண் பார்ப்பது வரை அவருக்காகப் பேசியது அக்காதான். பல்வலிக்குப் போன இடத்திலும் எந்தப் பல், எப்படிப்பட்ட வலி என்று அக்காவே ஒப்பித்தாள்.

பல் டாக்டரம்மா, "நாக்கை வெளியே நீட்டுங்க," என்றார். நாக்கு கீழ்ப்பல்லைத் தாண்டவில்லை. டாக்டர் நர்ஸ் பக்கம் திரும்பி, "டங்-டைட்," என்றார்.

அக்காவுக்கு அந்த ஆங்கில வார்த்தை தெரியும். கூச்சத்தில் வாயடைத்து நிற்பவனை அப்படிச் சொல்வார்கள். சுருக்கென்றது.

"அவன் கூச்சப்படறவன்தான். அதுக்காக அவன் முன்னாடியே நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசுவீங்களா?"

"ஐயோ, நான் திட்டலைங்க! வார்த்தையைப் பிரிச்சுப் பாருங்க. டங்னா நாக்கு, டைட்னா கட்டினது. கூச்சம்ங்கறது சும்மா பேச்சுக்குச் சொல்றது. இவருக்கு இருக்கறது நிஜக் கட்டு. இங்க பாருங்க."

டாக்டர் விரலால் நாக்கைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு வெள்ளைச் சவ்வு நாக்கு நுனியை இழுத்துப் பிடித்திருந்தது.

"பிறவியிலேயே இருக்கு. இதை வச்சுக்கிட்டு எப்படிங்க பேச்சு தெளிவா வரும்? யாருமே தூக்கிப் பார்க்கலையா?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயதில் அவன் குழறினான், எல்லோரும் சிரித்தார்கள், பேச்சை நிறுத்திக்கொண்டான். அதைப் போய், "அப்பா மாதிரியே அமைதி" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தார்களே! கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

தம்பி எழுந்து கண்ணாடி முன் போய்த் தானே நாக்கைத் தூக்கிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அவருக்கு 'ர' வராது, 'ய' தான் வரும்.

"நானும் கூச்சக்காயன்னே நம்பிட்டேன்," என்றார்.

சவ்வை வெட்டிவிடலாம், ஆனால் இந்த வயதில் நாக்குக்கு நிறையப் பயிற்சி வேண்டும் என்றார் டாக்டர். "வலிக்குமாங்க? இவன் வேற..." என்று அக்கா வழக்கம்போல் ஆரம்பித்தாள். தம்பி அவள் தோளைத் தொட்டார்.

"இயு அக்கா. நான் கேக்கயேன்."

அடுத்த வாரம் வெட்டினார்கள். 'ர' இன்னும் பாதிதான் வருகிறது. ஆனால் லிப்டில் யாராவது மாட்டிக்கொண்டால், கதவுக்கு வெளியே நின்று, "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்," என்று விடாமல் பேசுகிறவர் அவர்தான். அக்காவுக்குத்தான் அந்த அதிர்ச்சி இன்னும் போகவில்லை. போனில் அவர் நீளமாகப் பேசினால், "யாருங்க பேசறது?" என்று கேட்டுவிடுகிறாள்.