குணமாலாவின் உபவாசம்

குணமாலா டீச்சரின் நாவல் ஆறு வருஷமாக நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நின்றிருந்தது. கதாநாயகி ஏலவார்குழலி காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் இறங்குவதற்காகப் படியில் ஒரு காலை வைத்தவள்தான். அடுத்த காலை அவள் தரையில் ஊன்றுவதற்குள் குணமாலா பணி ஓய்வு பெற்றாள், மகள் யாழினிக்குக் கல்யாணம் முடித்தாள், இரண்டு கண்ணிலும் புரை எடுத்துக்கொண்டாள்.

எழுதாமல் இருப்பதற்கு அவள் சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோயின. மேசை இல்லை என்றாள், மேசை வந்தது. வெளிச்சம் போதவில்லை என்றாள். மேசை ஜன்னலோரம் போனது. யாழினி ஃபோனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். தினமும் எழுதினால் அதில் ஒரு செடி வளரும். "ஒரு நாள் விட்டாலும் ஸ்ட்ரீக் பிரேக் ஆயிடும்மா" என்றாள். நான்கே நாளில் செடி செத்தது. குணமாலா ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

கடைசியில் அவளுக்குக் கோபம் வந்தது, தன்மேலேயே. முப்பத்திரண்டு வருஷம் ஊர்ப் பிள்ளைகளை வீட்டுப்பாடம் எழுதவைத்தவள் அவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜினாலயத்துக்குப் போய், மகாவீரர் முன்னால் கைகூப்பி விரதம் எடுத்தாள். இனி தினமும் ஒரு பக்கம் எழுதிய பிறகுதான் சாப்பாடு. அதுவரை ஒரு பருக்கை உள்ளே போகாது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாவல் எழுதுவதாகச் சொல்லிக்கொள்ளவே வெட்கமாகிவிட்டிருந்தது.

வேறு வீடாக இருந்தால் இது பெரிய சங்கதி இல்லை. இழுத்துப் பறித்து எழுதிவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்குத் தட்டைப் போட்டுக்கொள்ளலாம். குணமாலாவுடையது சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் அந்த வீட்டில் யாரும் வாயில் எதையும் போடுவதில்லை. விரதம் எடுத்த வேகத்தில், பிறந்தது முதல் கடைப்பிடித்த இந்த ஒரு விஷயம் அவள் நினைவுக்கு வரவில்லை.

முதல் நாள் ஏலவார்குழலி பேருந்தை விட்டு இறங்கினாள். குணமாலா நாலு இட்லி சாப்பிட்டாள். இரண்டாம் நாள் ஏலவார்குழலி ஆட்டோ பிடித்தாள். குணமாலா பொங்கல் சாப்பிட்டாள். மூன்றாம் நாள், ஆட்டோ எங்கே போக வேண்டும் என்று இருவருக்குமே தெரியவில்லை. குணமாலா காலையிலிருந்து மேசையில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் எழுந்துபோய்க் கணவர் தனராஜுக்குச் சமைத்துப் போட்டாள். "கொழம்பு நல்லா இருக்குது" என்றார் அவர். வெயில் இறங்கியது. நாலாம் நாளும் அதே கதைதான்.

தனராஜ் செய்தித்தாளை மடித்தார். "உபவாசமாம்மா?"

"ஏன் கேக்கறீங்க?"

"ரெண்டு நாளா தட்டே எடுக்கலியே. எத்தினி நாளைக்கு?"

எழுத வரவில்லை, அதனால் பட்டினி என்று எந்த வாயால் சொல்வது? "பாக்கலாம்" என்றாள்.

தனராஜ் உருகிப்போனார். அவர் ஆயுளில் ஒரு வேளையைத் தவறவிட்டவர் இல்லை. தவறவிடுகிறவர்கள்மேல் அவருக்கு அளவுகடந்த மரியாதை. உடனே தாமலில் இருக்கும் தங்கை சுகாசினிக்கு ஃபோன் போட்டார். சுகாசினியிடம் சொன்னால் தண்டோரா தேவையில்லை.

ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு உறவுக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். உபவாசம் இருப்பவரைக் கும்பிட்டால் கும்பிடுகிறவருக்கும் புண்ணியத்தில் பங்கு உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. காலைத் தொட்டார்கள், சுற்றி உட்கார்ந்து ஸ்தோத்திரம் பாடினார்கள். மேசைமேல் பழத்தட்டுகள் ஏறின. எழுதினால்தான் சாப்பிட முடியும். இவர்கள் போனால்தான் எழுத முடியும். சாப்பிட்டால்தான் இவர்கள் போவார்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரைக் குடித்தபடி குணமாலா இதைத் திருப்பித் திருப்பி யோசித்தாள். வழி எதுவும் தென்படவில்லை.

"அண்ணி மொகத்துல எப்பிடி ஒரு தேஜஸ் வந்துக்கினு இருக்குது பாருங்க" என்றாள் சுகாசினி. குணமாலாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

ஆறாம் நாள் மறுபடியும் வந்தார்கள். மேளத்துக்குச் சொல்லியாயிற்று என்றார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை ஜினாலயத்தில் உபவாசத்தை முடிப்பது, பிறகு பட்டுச் சால்வை, ஊர்வலம். எந்த மகாவீரரிடம் எழுதுகிறேன் என்று சொன்னாளோ அவர் முன்னாலேயே, எழுதாததற்குச் சால்வை. குணமாலாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. பசியைத் தாங்கலாம், இதைத் தாங்க முடியாது.

நாலரை மணிக்குப் பழத்தட்டுகளை ஒதுக்கி மேசையில் இடம் பண்ணினாள். ஏதோ ஸ்தோத்திரம் எழுதப்போகிறாள் என்று எல்லோரும் குரலைத் தாழ்த்தினார்கள். ஆட்டோ ஏலவார்குழலியை ஒரு வீட்டு வாசலில் இறக்கியது. உள்ளே, சாப்பிடாத ஒரு பெண்ணைச் சுற்றி இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரையும் அப்படியே எழுதினாள், தேஜஸ் உட்பட. ஐந்து ஐம்பதுக்குப் பக்கம் நிறைந்தது. எழுந்து அடுப்படிக்குப் போய்த் தயிர்சாதத்தைக் கிண்ணத்தில் போட்டு எடுத்துவந்து, கூடத்தின் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பாட்டு நின்றது. "அண்ணி, இன்னா பண்றீங்க?"

"சாப்பிடறேன்மா. நான் உபவாசமே இருக்கலே. தினம் ஒரு பக்கம் எழுதினாதான் சாப்பாடுன்னு விரதம். எழுத வரலே, அதான் பட்டினி."

"இன்னா எழுதறது?"

"கதை."

வேன் ஆறு மணிக்கே கிளம்பியது. யாரும் திட்டவில்லை. தொட்ட காலைத் தொடாமல் ஆக்க முடியாதே என்ற வருத்தம் மட்டும் முகங்களில் தெரிந்தது. சுகாசினி மறக்காமல் மாம்பழத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

குணமாலா அழுதாள். பெயர் கெட்டதற்காக இல்லை. இரண்டு நாள் விழுந்து விழுந்து கும்பிட்டவர்களில் ஒருவர்கூட என்ன கதை என்று கேட்கவில்லை. தனராஜ் அந்தப் பக்கத்தை எடுத்து இரண்டு தடவை படித்தார். "இன்னும் எத்தினி பக்கம் இருக்குது?" என்றார். இருநூற்றைம்பது இருக்கும் என்றாள். அவர் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் மேசையில் உட்கார்ந்தபோது, தனராஜ் எதிரில் நாற்காலியைப் போட்டார். அவருக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். இல்லையென்றால் வியர்த்து, கை நடுங்கி, ஆளே சாய்ந்துவிடுவார். அவள் பார்க்கப் பார்க்க மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தார்.

"இட்லி மூடி வெச்சிருக்கேன், எடுத்துப் போட்டுக்குங்க."

"நீ எழுதாம நான் சாப்பிடறதில்லேம்மா. காலையில குளிச்சிட்டுக் கைகூப்பிச் சொல்லிட்டேன்."

"உங்களுக்கு இன்னா பைத்தியமா?"

"இருபத்தொம்பது நிமிஷம் இருக்குது" என்றார் தனராஜ், கடிகாரத்தைப் பார்த்தபடி. "அந்தப் பொண்ணு ஆட்டோவுலேந்து எறங்கி உள்ள வந்துச்சே. அப்புறம் இன்னா ஆச்சு?"

அவர் நெற்றியில் வியர்வை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, குணமாலா வேகவேகமாக எழுதத் தொடங்கினாள்.